மூணு செலான், மூணையும் கட்டணுமா?

கேள்வி: மேடம், தாம்பரத்தில் இருந்து எழுதுகிறேன். மருந்து கம்பெனியில் ரெப் வேலை, நாள் முழுக்க பைக்கில்தான். இரண்டு மாதத்துக்குள் மூன்று செலான் வந்துவிட்டது. சிக்னலில் முன்சக்கரம் ஸ்டாப் லைனைத் தாண்டி நின்றதாக கேமரா படத்தோடு 500 ரூபாய். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஹெல்மெட் போடவில்லை என்று 1,000 ரூபாய். அன்றைக்கு ஒரு திருப்பத்தில் மறைந்து நின்றவர்கள் திடீரென்று குறுக்கே வந்து, வண்டிச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்றாவது, சேலத்தில் நோ பார்க்கிங் என்று 500 ரூபாய். நான் சேலம் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. போலீஸ்காரர்களே ஹெல்மெட் இல்லாமல் போகிறார்கள், அவர்களை யார் கேட்கிறார்கள்? மாசக் கடைசி டார்கெட்டுக்கு எங்களை மாதிரி ஆட்கள்தான் கிடைத்தோமா? பேசாமல் எதையும் கட்டாமல் விட்டுவிட்டால் என்ன?

பதில்: மூன்றையும் ஒரே கோபத்தில் மூட்டை கட்டி வைத்திருக்கிறீர்கள். அவிழ்த்துப் பார்த்தால் ஒன்றை நீங்கள் கட்டவே தேவையில்லை, ஒன்றில் கேள்வி கேட்க இடம் இருக்கலாம், ஒன்றை மறுபேச்சில்லாமல் கட்டிவிடலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து "கட்ட மாட்டேன்" என்று உட்கார்ந்தால், நியாயம் உங்கள் பக்கம் இருக்கிற விஷயத்திலும் சேர்த்துத் தோற்றுப்போவீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சேலத்தில் இருந்து ஆரம்பிப்போம். பரிவாகன் இ-செலான் தளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு அந்த செலானைத் திறந்து, முதலில் படத்தைப் பாருங்கள். இந்த மாதிரி வருவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நம்பரை அடிக்கும்போது ஒரு எழுத்தோ எண்ணோ மாறியிருக்கும், 3 எட்டாகவும் 1 ஏழாகவும் ஆகிவிடுவது சகஜம். அப்படியென்றால் படத்தில் இருக்கிற வண்டி வேறு மாடலாக, வேறு நிறமாக இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இன்னொன்று கொஞ்சம் கவலைப்பட வேண்டியது: உங்கள் நம்பரையே வேறு யாரோ தன் வண்டியில் மாட்டிக்கொண்டு சுற்றுவது. முதல் வகைக்கு அந்தத் தளத்திலேயே புகார் பகுதி இருக்கிறது. உங்கள் ஆர்சி, உங்கள் வண்டியின் முன்பக்க பின்பக்கப் படம், அன்று நீங்கள் வேறு ஊரில் இருந்ததற்கு ஏதாவது ஆதாரம் (ரெப் வேலையில் தினமும் கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்புவீர்களே, அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?) எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். செலான் போட்ட ஸ்டேஷன் பெயர் அதிலேயே இருக்கும், அவர்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். இரண்டாவது வகை என்றால் அதோடு நிற்காதீர்கள், உங்கள் பகுதி காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற ரசீது) வாங்கி பத்திரமாக வையுங்கள். நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டுப் போனால் போலீஸ் வந்து நிற்கப்போவது உங்கள் வீட்டு வாசலில்தான். 500 ரூபாய்தானே, கட்டித் தொலைத்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த ஒரு செலானில் மட்டும் அந்தத் தப்பைச் செய்துவிடாதீர்கள். பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

அடுத்தது ஸ்டாப் லைன். இதில்தான் ஓட்டுகிறவர்களுக்கு வயிற்றெரிச்சல் அதிகம், எனக்கும் புரிகிறது. பின்னால் பஸ்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார், பக்கத்தில் ஆட்டோ ஜீப்ரா கிராசிங்கிலேயே நின்றுகொண்டிருக்கும், படம் மட்டும் உங்கள் நம்பருக்கு விழும். ஆனாலும் கோடு என்று ஒன்று போட்டிருப்பது நடந்து போகிறவருக்கு. அந்த இடத்தையும் நாம் எடுத்துக்கொண்டால் வயசானவர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் வண்டிகளுக்கு நடுவே நெளிந்துதான் போக வேண்டும். ஆக, கோடு தெளிவாகத் தெரிந்து, நீங்கள் தாண்டி நின்றிருந்தால் கட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்க இடம் எங்கே என்றால், கேமரா வைத்து வழக்குப் போடுவதற்கு மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தனி விதி கொண்டுவந்தது, மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று பெயர். அதன்படி கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், இங்கே கேமரா கண்காணிப்பு உண்டு என்று எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிகிற படம், நாள், நேரம், இடம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் செலானில் இருக்க வேண்டும், சம்பவம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். உங்கள் செலானை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அப்படியே ஒரு நாள் அந்த சிக்னலுக்குப் போய் கோடு உண்மையில் தெரிகிறதா என்றும் பாருங்கள். ரோடு போட்ட பிறகு பெயிண்ட் அடிக்க மறந்த சிக்னல்கள் நம் ஊரில் எத்தனையோ உண்டு. கோடே அழிந்து போயிருந்தால் படம் எடுத்து புகாரோடு இணையுங்கள். ஆம்புலன்சுக்கு வழிவிடத்தான் முன்னால் நகர்ந்தீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். இது எதுவுமே இல்லை, சும்மா கோபம்தான் என்றால் 500 ரூபாயோடு முடித்துக்கொள்வது நல்லது.

மனைவி ஹெல்மெட் விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்களுக்கு என் ஆதரவு பாதிதான். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது புது விஷயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும்தான் சொல்கிறது. 2019 திருத்தத்தில் அபராதம் 1,000 ஆனது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் வரை பழைய 100 ரூபாயே இருந்ததால் நமக்கு அது திடீரென்று பத்து மடங்கு ஏறின மாதிரி இருக்கிறது. மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கவும் அபராதம் சொல்கிற 194டி பிரிவில் இடம் இருக்கிறது, உங்களுக்கு அது வரவில்லை என்று சந்தோஷப்படுங்கள். "சின்னத் தப்பு" என்று எழுதியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருப்பேன், நல்லவேளை எழுதவில்லை. 2022இல் இந்தியாவில் ஹெல்மெட் போடாமல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு, அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஓட்டுகிறவர் மட்டும் தலையைக் காப்பாற்றிக்கொண்டு மனைவியை முடி கலையாமல் உட்கார வைத்துக் கூட்டிப்போவது நம் ஊர்ப் பழக்கம், அது எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை.

மறுபாதி ஆதரவு முழுசாக உங்களுக்கு. வண்டிச் சாவியைப் பிடுங்குங்கள் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கேயும் சொல்லவில்லை. லைசென்ஸ் இல்லாமல், பதிவு இல்லாமல், பர்மிட் இல்லாமல் ஓடுகிற வண்டியைப் பிடித்து வைக்க 207ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. ஹெல்மெட்டுக்கு அது பொருந்தாது. மறைந்து நின்று திடீரென்று குறுக்கே பாய்வது அதைவிட மோசம். 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூர் பக்கம் ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு பைக்கை இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்திப்போய் எட்டி உதைத்தார் என்றும், கீழே விழுந்த பெண் இறந்துபோனார் என்றும் வழக்கானது, அவர் கைதும் செய்யப்பட்டார். தலையைக் காப்பாற்றுவதற்கான ஒரு சட்டத்தை அமல்படுத்தப் போய் நடந்தது இது. ஓடுகிற வண்டிக்குக் குறுக்கே கை நீட்டுகிற ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. எந்த மரத்தடியில், எந்தப் பாலத்துக்குக் கீழே நிற்கிறார்கள் என்று ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த இடம் வரும்போது மட்டும் ஹெல்மெட் டேங்கில் இருந்து தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும். இப்படிப் பிடித்தால் கேஸ் எண்ணிக்கை ஏறும், பழக்கம் ஒன்றும் மாறாது.

அதனால் செலானைக் கட்டிவிட்டு, சாவியைப் பிடுங்கியதற்குத் தனியாகப் புகார் கொடுங்கள். இரண்டும் வேறு வேறு. நாள், நேரம், இடம், சட்டையில் இருந்த பெயர் அல்லது நம்பர், வண்டி எண் எல்லாம் போட்டு போக்குவரத்துப் பிரிவு உதவி ஆணையருக்கோ துணை ஆணையருக்கோ எழுதுங்கள். "என்னை அவமானப்படுத்தினார்கள்" என்று நாலு பக்கம் எழுதுவதைவிட நடந்ததை நாலு வரியில் எழுதினால் நடவடிக்கைக்கு வாய்ப்பு அதிகம்.

போலீஸ்காரர்களே ஹெல்மெட் போடுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் அதையும் யோசித்திருக்கிறது: சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர்களே மீறினால் அபராதம் இரண்டு மடங்கு, 210பி பிரிவு. அடுத்த தடவை பார்த்தால், ஓரமாக நிறுத்திவிட்டு, வண்டி எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து அந்த மாநகரப் போக்குவரத்துக் காவலின் சமூக வலைதளப் பக்கத்துக்கு இடம், நேரத்தோடு அனுப்புங்கள். சம்பந்தப்பட்டவருக்கு அபராதம் போட்டுவிட்டோம் என்று அவர்களே ரசீதோடு பதில் போடுவதும் உண்டு. ஆனால் "அவர் போடவில்லை, அதனால் நானும் கட்ட மாட்டேன்" என்பது எந்த மாஜிஸ்திரேட் முன்னாலும் செல்லாது.

டார்கெட் பற்றி. எந்த அதிகாரியும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார், நிரூபிக்க உங்களாலும் முடியாது. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், இத்தனை கேஸ் என்று எண்ணிக் காட்ட முடிகிற வேலை எங்கேயும் எண்ணிக்கைக்காக நடக்கத்தான் செய்யும், அதில் போலீசைத் தனியாகக் குறை சொல்லவும் முடியாது. டாக்டரைப் பார்த்த கணக்கை மாசக் கடைசியில் நிரப்புகிற ரெப்புகளை உங்களுக்குத் தெரியாதா என்ன? டார்கெட்டுக்காகவே பிடித்திருந்தாலும் ஹெல்மெட் இல்லை என்பது இல்லைதான்.

இனி நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. கட்டாமல் விட்டால் நாளைக்கே ஜெயிலில் போட மாட்டார்கள். செலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்குப் போகும். அங்கே அபராதத்தைக் கட்டுகிறேன் என்றோ வழக்கை நடத்துகிறேன் என்றோ தேர்வு செய்யலாம், நடத்துகிறேன் என்றால் வழக்கமான கோர்ட்டுக்கு மாறும், அதற்கு உங்கள் வேலை நாள் போகும். வண்டியை விற்கப் போகும்போது, பெயர் மாற்றும்போது நிலுவை வந்து நிற்கும், வாங்க வந்தவர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார். பெங்களூருவில் 2023 பிப்ரவரியில் பாதித் தொகை கட்டினால் போதும் என்று அறிவித்ததும் ஜனங்கள் அலைமோதிக்கொண்டு கட்டினார்கள், இங்கேயும் வரும் என்று காத்திருக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். 1,500 ரூபாய்க்காக அப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு உட்காருவது உங்கள் இஷ்டம், நானாக இருந்தால் செய்ய மாட்டேன்.

"ஏதாவது பார்த்துக் கொடுத்துட்டு போ" என்று போலீஸ்காரர் யாராவது கேட்டால் செலான் போடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு கொடுக்கிறவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ போலீசிடமோ சொல்லிவிட்டால்தான் தப்பிக்கலாம். சென்னையில் 2018 முதலே அபராதம் ரொக்கமாக வாங்குவதில்லை. கையில் காசு கேட்கிறார்கள் என்றாலே அது செலான் காசு இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

பணம் கட்டும்போது ஒரு கவனம். "உங்கள் வண்டிக்கு செலான் இருக்கிறது, இந்த ஆப்பை இறக்கிப் பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றுகிற ஃபைல்) வந்தால் தொடாதீர்கள், அது மோசடி, தொட்டால் பேங்க் கணக்கே காலியாகலாம். மூன்று செலான் வந்தவருக்கு நாலாவதாக அப்படி ஒன்று வந்தால் நம்பத் தோன்றும் என்பதால் சொல்கிறேன். வந்த லிங்க்கை அழுத்தாமல் நீங்களே தளத்துக்குப் போய்ப் பாருங்கள், முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று கவனியுங்கள்.

இந்த வாரம் முதலில் சேலம் புகாரை அனுப்புங்கள், ஹெல்மெட் செலானைக் கட்டுங்கள், ஸ்டாப் லைன் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மனைவிக்கு ஹெல்மெட் வாங்கும்போது ரோட்டோரத்தில் 200 ரூபாய்க்குத் தொங்குவதை வாங்காதீர்கள். 2021 ஜூனில் இருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே தப்பு. அவரையும் கடைக்குக் கூட்டிப்போய், கொண்டையோடு போட்டுப் பார்த்து, தாடைக்குக் கீழே பட்டை சரியாக மாட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.