பெரிய நிறுவனங்கள் நாளாக நாளாக ஆட்டம் காணாமல் நிற்கின்றன, ஆனால் வேலை மட்டும் நடப்பதில்லையே, ஏன்?

உள்ளே இருப்பவர்கள் சோம்பேறிகள் என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. கிண்டியில் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். எல்லோரும் மும்முரமாக உழைத்தும் எதுவும் நகராத நாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓர் இயந்திரத்துக்குப் பேரிங் வாங்க மூன்று விலைப்புள்ளிகள், ஒப்பீட்டுப் பட்டியல், நிதிப் பிரிவின் ஒப்புதல், மேலாளர் கையொப்பம் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நியாயமான காரணம் உண்டு. என்றோ ஒருவர் தெரிந்த கடையில் கூடுதல் விலைக்கு வாங்கினார், ஒப்பீட்டுப் பட்டியல் வந்தது. என்றோ தணிக்கையில் ஆட்சேபணை எழுந்தது, நிதிப் பிரிவின் ஒப்புதலும் கட்டாயமாயிற்று. சேர்த்தவர்கள் அக்கறையோடுதான் சேர்த்தார்கள். ஆனால் எடுப்பதற்கு யாரும் முன்வருவதில்லை. ஒரு படியை நீக்கிய பிறகு தவறு நடந்தால் நீக்கியவரிடம் விளக்கம் கேட்பார்கள். பேரிங் வராமல் இயந்திரம் நான்கு நாள் நின்றால் யாரிடமும் கேட்பதில்லை, கோப்பு நடவடிக்கையில் இருக்கிறது என்றால் போதும். செய்த தவறு கோப்பில் ஏறுகிறது. செய்யாமல் விட்டதன் நஷ்டத்துக்குப் பதிவேடே இல்லை. என் பதிலின் மையம் இதுதான். நிறுத்தும் அதிகாரம் பலருக்கு இருக்கிறது, முடித்தே ஆக வேண்டிய பொறுப்பு ஒருவருக்கும் இல்லை. அதனால்தான் எதுவும் சரிவதுமில்லை, நகர்வதுமில்லை.

வேலை குறைந்தாலும் இந்த அமைப்பு சுருங்குவதில்லை. 1955-இல் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் தம் நாட்டுக் கடற்படையின் கணக்கை எடுத்துக் காட்டினார். 1914-க்கும் 1928-க்கும் இடையே பெரிய போர்க்கப்பல்கள் 62-இலிருந்து 20-ஆகக் குறைந்தன. தலைமை அலுவலக அதிகாரிகளோ 2,000-இலிருந்து 3,569-ஆகப் பெருகினார்கள். ஒருவர் மற்றவருக்கு எழுதும் குறிப்பே வேலையாகிவிட்டால் கப்பல் எத்தனை என்பது பொருட்டே இல்லை.

சென்னையின் ஒரு தெருவைப் பாருங்கள். தார்ச்சாலை 1688-இல் தொடங்கிய மாநகராட்சியுடையது. அடியில் ஓடும் குழாய் 1978-இல் உருவான குடிநீர் வாரியத்துடையது. கேபிள் மின்வாரியத்துடையது. ஒருவர் தோண்ட மற்றவரின் அனுமதி வேண்டும். மெட்ரோ ரயில் வந்தபோது அந்தப் பொறுப்பைப் பழைய துறை எதனிடமும் விடாமல் 2007-இல் தனி நிறுவனமே தொடங்கினார்கள். 2015 ஜூனில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ரயிலும் ஓடியது. புது வேலைக்குப் புது அமைப்பு என்பது நல்ல வழிதான், வேகமும் கிடைக்கும். ஆனால் பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஒரு போக்குவரத்துக் குழுமம் தேவைப்பட்டது, அதற்கு 2010-இல் ஒரு சட்டமும் தேவைப்பட்டது. தேவையான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. அதுவும் இன்னோர் அலுவலகம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆள்குறைப்பு இதற்கு மருந்து என்று நான் நம்பவில்லை. ஆளைக் குறைத்தாலும் படி அப்படியே நிற்கிறது, மிஞ்சியவர் இரண்டு மேசை வேலையைச் சுமக்கிறார். ஒவ்வொரு புது விதிக்கும் முடிவுத் தேதி வைக்க வேண்டும். அந்த நாள் வரும்போது, விதி தொடர வேண்டும் என்பவர்தான் காரணம் எழுத வேண்டும். கூடவே, இயந்திரம் நின்ற நான்கு நாள் நஷ்டத்தையும் பணமாகக் கணக்கிட்டு, பேரிங்கின் விலை இருக்கும் அதே கோப்பில், அதே பக்கத்தில் எழுத வேண்டும்.