எட்டாம் மாதத்தில் எந்தச் செருப்பு?

பதில் சொல்பவர்: கிருஷ்ணகிரியில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்

கேள்வி: எனக்கு எட்டு மாதம் நடக்கிறது. வீடு முழுக்க கிரானைட் தரை. போன வாரம் பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போது ஹவாய் செருப்பு வழுக்கிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. "வீட்டுக்குள்ள எதுக்குச் செருப்பு, வெறுங்காலோட நட" என்கிறார் அத்தை. அம்மாவோ, ஹீல்ஸ் இல்லாத செருப்பு எதுவானாலும் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. வெறுங்கால், காய்ந்த சிமென்ட் தரையில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது பாலிஷ் போட்ட கிரானைட். நம் மாவட்டம் அந்தக் கல்லுக்குப் பேர் போனது என்பதால் புது வீடு கட்டுகிறவர்கள் குளியலறை வாசல் வரை அதையே பதிக்கிறார்கள். அதில் ஒரு சொம்புத் தண்ணீர் சிந்தினால் வெறுங்காலும் வழுக்கும், செருப்பும் வழுக்கும்.

அம்மா சொல்வது போல ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். இந்த மாதத்தில் வயிற்றின் எடை உடம்பை முன்பக்கம் இழுக்கிறது. அதை ஈடுகட்ட இடுப்பைப் பின்னால் வளைத்து, கால்களை அகட்டி, சின்னச் சின்ன எட்டாக வைத்து நடக்கிறீர்கள். குதி உயர்ந்த செருப்பு போட்டால் உடம்பு இன்னும் முன்னே சாயும், முதுகுவலிதான் மிச்சம். வளைகாப்புக்குப் பட்டுப் புடவையோடு ஹீல்ஸ் போட்டே தீர வேண்டும் என்று அடம் பிடிக்கும் பெண்களைப் பார்க்கிறேன். புடவைக்குள் செருப்பு யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் "தட்டையாக இருந்தால் போதும்" என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. உங்கள் ஹவாய் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். குதிகால் பக்கம் வரிகள் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். வார் நுழைகிற ஓட்டை தளர்ந்திருக்கும். பின்பக்கம் வார் இல்லாததால், கழன்றுவிடாமல் இருக்க பெருவிரலும் பக்கத்து விரலும் ஒவ்வொரு எட்டிலும் வாரைக் கவ்விக்கொண்டே போக வேண்டும். கர்ப்பத்தில் ரிலாக்ஸின் போன்ற ஹார்மோன்களால் மூட்டுகளைக் கட்டியிருக்கும் தசைநார்கள் இளகுகின்றன. கூடிய எடையும் சேர்ந்து பாதத்தின் உள்வளைவு தாழ்கிறது, கணுக்காலும் முன்பு போல உறுதியாக நிற்பதில்லை. அந்தக் கால் செருப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாது. செருப்புதான் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பின்பக்கம் வார் உள்ள சாண்டல் வாங்குங்கள். குனிந்து பக்கிள் மாட்டுவது கஷ்டம் என்பதால் வெல்க்ரோ வைத்தது நல்லது. வீங்கினால் தளர்த்திக்கொள்ளவும் வசதி. குதிகால் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உயரம், அகலமாக. இரண்டு கையாலும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுக்கிக்கொள்ளும் செருப்பு வேண்டாம். கால் புதைகிற மெத்துமெத்தென்ற தடித்த அடியும் வேண்டாம், தரை எங்கே இருக்கிறது என்பதே காலுக்குத் தெரியாது. வயிறு மறைப்பதால் உங்களுக்குப் பாதம் தெரிவதில்லை. தரையைப் பாதம்தான் உணர்ந்து சொல்ல வேண்டும். கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் வீக்கத்தோடு சேர்ந்த அளவு கிடைக்கும்.

அத்தையின் மனமும் நோகக் கூடாது. வீட்டுக்குள் மட்டும் போட ஒரு தனி ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். பூஜை அறை வாசலில் கழற்றிவிடலாம், சுவரையோ கதவையோ பிடித்துக்கொண்டு. குளியலறைக்கு வெளியே நகராத, அடியில் ரப்பர் உள்ள மிதியடி போடுங்கள். வீட்டுக்காரரை இன்றைக்கே வாங்கி வரச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் கர்ப்பிணிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் நாலில் ஒருவருக்கு மேல் ஒருமுறையாவது விழுந்திருந்தார்கள். அதனால் இதை உங்கள் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

ஒருவேளை விழுந்துவிட்டால், அடிபடவில்லை என்று தோன்றினாலும் டாக்டரைப் பாருங்கள். இரத்தக்கசிவு, நீர் போவது, வயிறு இறுகி வலிப்பது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது இருந்தாலும் 108தான். இன்னொன்று: சாயங்காலம் இரண்டு பாதமும் வீங்குவது சகஜம். முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் அது செருப்புப் பிரச்சினை இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே.

கேள்வி: பிரசவமாகி ஐந்து மாதம் ஆகியும் என் மனைவிக்குப் பழைய செருப்பு எதுவும் சேரவில்லை. வீக்கம் இன்னும் வடியவில்லையா?
வாசகர், அரூர்

பதில்: பெரும்பாலும் வீக்கம் இல்லை, பாதமே சற்று நீண்டிருக்கும். உள்வளைவு தாழ்ந்தால் பாதம் சில மில்லிமீட்டர் நீளும், பலருக்கு அது பழையபடி திரும்புவதில்லை. முதல் பிரசவத்தில்தான் இந்த மாற்றம் அதிகம். விரலால் அழுத்தினால் கணுக்காலில் குழி விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால், கடையில் இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்குத் தகுந்த சைஸில் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.