சனிக்கிழமைச் சைக்கிள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசித்துவருகிறேன். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இந்தக் கோடையில் அப்பா எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார். வயது 67. சேலம் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பணிக்காலம் முழுவதும் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனார். இப்போது மூட்டுவலியால் அதிகம் நடக்க முடிவதில்லை. அவருக்காக ஓர் எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கினேன். கால் தூக்காமல் ஏறும்படி குறுக்குக் கம்பி தாழ்ந்தது, தடித்த டயர், மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் த்ராட்டில் உண்டு, எடை 31 கிலோ. சனிக்கிழமைகளில் மான்டரே கடற்கரைப் பாதைக்கு அவரை அழைத்துப்போக ஆசை. என்னுடையது கரோலா செடான். பின்னால் ரேக்கோ ட்ரெய்லரோ மாட்டும் இரும்பு இணைப்பான ஹிட்ச் கிடையாது. டிக்கியின்மேல் பட்டைகளால் இழுத்துக் கட்டும் ரேக் ஒன்றை நண்பர் தருகிறேன் என்கிறார். இரண்டு சைக்கிளுக்கு மொத்தம் 70 பவுண்டு தாங்கும், உன்னுடைய 31 கிலோ 68 பவுண்டுதானே, நிதானமாக ஓட்டினால் போதும் என்பது அவர் கணக்கு. அதை நம்பலாமா? கூரையில் ஏற்றலாமா? லீஸ் காரில் ஹிட்ச் பொருத்தலாமா? ஊர் திரும்பும்போது அப்பா இதை விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

வார நாட்களில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால், அப்பா தனியாக வண்டியை எடுத்துவிடக் கூடாதே என்று பேட்டரியைக் கழற்றி என் அலமாரியில் பூட்டிவைக்கிறேன். அவரும் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறார்.

ச., ஃப்ரீமான்ட்

அன்புள்ள ச.,

நண்பரின் ரேக்கை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதனுடன் வந்த காகிதம் எங்காவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். இவ்வகை ரேக்குகளில் பெரும்பாலும் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். ஒன்று மொத்தச் சுமை, 70 பவுண்டு. மற்றது ஒரு சைக்கிளுக்கான வரம்பு, 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ. உங்கள் நண்பர் தமக்கு வசதியான எண்ணை மட்டும் படித்திருக்கிறார். இரண்டு வரம்புக்கும் அடங்கினால்தான் ஏற்றலாம். ஒவ்வொரு சைக்கிளும் தனக்கான தாங்கிகளில் அமர்கிறது. அந்தத் தாங்கியும் அதன் ரப்பர் வாரும் 16 கிலோவுக்காகச் செய்யப்பட்டவை. பக்கத்துத் தாங்கி காலியாக இருக்கிறது என்பதால் இதன் வலிமை இரண்டு மடங்காகிவிடாது. பேட்டரியைக் கழற்றினால் சுமார் நான்கு கிலோ குறையும். மிச்சம் 27. அப்போதும் வரம்புக்கு மேல் 11 கிலோ.

இன்னும் கேளுங்கள். இந்த ரேக் காரின் எலும்பில் மாட்டப்படுவதில்லை. டிக்கி மூடியின் விளிம்பில் கொக்கிகளாகப் பற்றிக்கொண்டு, மெல்லிய தகட்டின்மேல் ரப்பர் பாதங்களை அழுத்திக்கொண்டு நிற்கிறது. உங்கள் சைக்கிளிலோ மேல் குறுக்குக் கம்பியே இல்லை. தொங்கவிடும் ரேக்கில் அந்தக் கம்பிதான் பிடி. அதற்குப் பதிலாக இருக்கைத் தண்டுக்கும் ஹேண்டில் தண்டுக்கும் நடுவே மாட்டும் கம்பி ஒன்று கடைகளில் உண்டு. அதற்கும் எடை வரம்பு உண்டு.

நிதானமாக ஓட்டினால் போதும் என்கிறாரே, 880, 101 நெடுஞ்சாலைகளில் எவ்வளவு நிதானமாக ஓட்ட முடியும்? மான்டரே சுமார் 140 கிலோமீட்டர். 65 மைல் வேகத்தில் எல்லோரும் போகும்போது நீங்கள் 40-இல் போனால் அதுவே ஆபத்து. பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஒருமுறை ஏறி இறங்கும்போது அந்த 27 கிலோவும் தன் எடையைப்போலப் பல மடங்கு விசையோடு பட்டையை இழுக்கும். இழுக்க இழுக்கப் பட்டை தளரும். கடைசியில் சைக்கிள் விழுந்தால் அது உங்கள்மேல் விழாது. பின்னால் வரும் யாரோ ஒருவரின் கண்ணாடியில் போய் விழும். பொறியியல் படித்தவர் நீங்கள். இதை ஒரு கதாசிரியரிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள் என்பதே எனக்குக் கோபமாக இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூரைத் தட்டுகள் பலவற்றின் வரம்பு 20 கிலோ, விட்டுவிடுங்கள். காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரேக் பற்றி யாராவது சொன்னால், இந்த எடைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணி கொண்டுபோக முடியாது, உங்களுடையது அதைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். லீஸ் பற்றி லீஸ் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

ஹிட்ச் பொருத்த அனுமதி கிடைத்தால் அதுதான் நேரான வழி. கரோலா போன்ற சிறிய காரின் அடிச்சட்டத்தில் ஒன்றேகால் அங்குலத் துளை கொண்ட முதல் வகுப்பு ஹிட்ச்சைப் போல்ட் போட்டு முடுக்குவார்கள். யூ-ஹால் போன்ற இடங்களில் செய்துதருவார்கள். சைக்கிள் ரேக்குக்கு மட்டும் என்றால் ட்ரெய்லருக்கான மின்கம்பி இணைப்பு தேவைப்படாது. அவ்வகை ஹிட்ச் பொதுவாகச் செங்குத்தாக 200 பவுண்டு தாங்கும். ரேக்கின் எடையும் அதில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். சைக்கிளைத் தொங்கவிடாமல் இரு சக்கரங்களையும் தட்டில் நிறுத்தும் ரேக்காக, எலெக்ட்ரிக் சைக்கிளுக்கென்று எடையும் டயர் அகலமும் குறிப்பிட்டதாக, சைக்கிளை உருட்டி ஏற்றும் சாய்பலகையோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

சாய்பலகையை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், காரால் தாங்க முடியுமா என்று பல விதமாகக் கேட்ட நீங்கள், யார் தூக்குவது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எலெக்ட்ரிக் சைக்கிளை விரும்பி வாங்குகிறவர்களில் பெரும்பகுதி முழங்காலோ இடுப்போ ஒத்துழைக்காதவர்கள். சாதாரணச் சைக்கிளைப் போல இரு மடங்கு எடையுள்ளதை அவர்களையே நெஞ்சுயரம் தூக்கச் சொல்கிறது இந்தச் சந்தை. நான் தூக்கிக்கொள்வேன் என்பீர்கள். நீங்கள் மூச்சுப் பிடித்துத் தூக்கும்போது உங்கள் அப்பா கைகட்டிக்கொண்டு நிற்பாரா? ஓடிவந்து பின் சக்கரத்தைப் பிடிப்பார். அவருடைய மூட்டுக்காக வாங்கிய வண்டியே அந்த மூட்டைக் கெடுக்கும்.

ஹிட்ச்சும் வேண்டாம் என்றால் வேன் வைத்திருக்கும் ஒரு நண்பரைப் பாருங்கள். ஃப்ரீமான்டில் தமிழ்க் குடும்பங்களிடம் டொயோட்டா சியன்னாவுக்கா பஞ்சம்? மூன்றாம் வரிசை தரைக்குள் மடங்கிவிடும். ஒரு சாய்பலகை போட்டு உருட்டி ஏற்றி, இரண்டு இடங்களில் கட்டிவிடலாம். நீளம் போதாமல் முன்சக்கரத்தைக் கழற்ற நேர்ந்தால், டிஸ்க் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஒரு மடித்த அட்டையைச் செருகுங்கள். சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக்கை அழுத்தினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். கழற்றிய பேட்டரி காருக்குள் வரட்டும், ஆனால் வெயிலில் மூடிய காரில் அதை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அல்லது வெறுங்கையோடு மான்டரே போய் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். கேனரி ரோ பக்கம் எலெக்ட்ரிக் சைக்கிள்கள் கிடைக்கின்றன. காஸ்ட்ரோவில்லிலிருந்து பசிபிக் க்ரோவ் வரை 18 மைல், பழைய சதர்ன் பசிபிக் ரயில்தடத்தை ஒட்டிய பாதை. ரயில் போன தடமென்பதால் பெரிய ஏற்றங்கள் குறைவு.

இனி நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னைத் தூங்கவிடவில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகளின் வீட்டுக்கு வரும் பெற்றோரைப் பற்றி நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் தாமாகக் கடைக்குப் போய், தாமாக வங்கியில் வரிசையில் நின்று, நாலு பேரிடம் கோபித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். இங்கே ஓட்டுநர் உரிமம் இல்லை என்ற ஒரே காரணத்தால் பால் வாங்கக்கூட மகனின் கார் வரவேண்டும். குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும், எதிர்வீட்டு நாய் எப்போது குரைக்கும் என்பதையெல்லாம் மனப்பாடமாக அறிந்திருப்பார்கள். இந்தப் பூட்டைத் திறக்கக்கூடிய ஒரு வாகனத்தை உங்கள் கையாலேயே வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். பிறகு அதன் பேட்டரியை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கிய மனிதருக்கு, வாரத்தில் ஐந்து நாள் ஒரு சைக்கிளை நம்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

என் சித்தப்பா தபால் துறையில் இருந்தவர். கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் ஊர்களில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுத்தவர். நான் ஃப்ரீமான்டில் இருந்த காலத்தில் மகளைப் பார்க்க வந்தார். அவளும் என் பக்கத்துக் குடியிருப்பில்தான் இருந்தாள். வந்த சில நாட்களிலேயே, "எனக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடு, இல்லாவிட்டால் டிக்கெட்டை மாற்று" என்று அவளிடம் சொல்லிவிட்டார். யாரோ வீட்டு வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த பழைய சைக்கிள் ஒன்று கிடைத்தது. அவ்வளவுதான், மனிதர் உயிர்பெற்றுவிட்டார். எலிசபெத் ஏரிக்கரையில் பஞ்சாபிப் பெரியவர்கள் பெஞ்சுகளில் கூடுவதைக் கண்டுபிடித்தார். அவருக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர்களோடு சீக்கியர்களின் குருத்வாராவுக்குப் போய், லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு வருவார். மாலையில் எங்களுக்கு ஊர்ச் செய்தி சொல்வார்: எந்தத் தெருவில் எலுமிச்சை காய்த்துத் தொங்குகிறது, நூலகத்தில் எந்த அலமாரியில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது, எந்த வீட்டுக் கிழவி தனியாக இருக்கிறாள்.

அந்தக் குருத்வாரா குன்றின் சரிவில் இருக்கிறது. ஏற்றத்தில் அவருக்கு முழங்கால் விண்டுபோகும். இறங்கித் தள்ளிக்கொண்டு, நின்று நின்று போவார். பிறகு வலி கூடியது. முதலில் குன்றை விட்டார், பிறகு ஏரியை விட்டார். கடைசி மாதங்களில் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிட்டார். யமஹா 1993-லேயே மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் சைக்கிளை ஜப்பானில் விற்கத் தொடங்கிவிட்டது. அது எங்கள் சித்தப்பாவின் முழங்காலுக்கு வந்துசேரவில்லை. உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை கோபம்.

கலிபோர்னியாவில் இந்த வகை எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமமோ பதிவோ நம்பர் பலகையோ தேவையில்லை. ஃப்ரீமான்டிலேயே அலமீடா க்ரீக் பாதை இருக்கிறது. நைல்ஸ் பகுதியில் மலை இடுக்கிலிருந்து ஓடை வெளியே வரும் இடத்தில் தொடங்கி, ஓடைக்கரையோடு 12 மைல் போய் வளைகுடாவைத் தொடுகிறது. தென்கரைப் பாதை தார் போட்டது, கார் கிடையாது. முடிவில் கயோட்டி ஹில்ஸ் பூங்காவின் சதுப்புநிலம். கொக்கும் நாரையும் பார்க்கலாம். எந்த வகை எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு அனுமதி என்பதை நுழைவிடத்துப் பலகையில் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். இதை வீட்டருகே வைத்துக்கொண்டு எதற்கு 31 கிலோவைச் சுமந்துகொண்டு 140 கிலோமீட்டர்?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதற்கு மருந்து பூட்டு இல்லை, பழக்கிவிடுவதுதான். ஞாயிறு காலையில் ஒரு பள்ளியின் காலியான கார் நிறுத்துமிடத்துக்கு அவரை அழைத்துப்போங்கள். முதலில் ஏறும் விதம். நம் ஊர்க்காரர்கள் இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை இரண்டு உந்து உந்தி, ஓடும் வண்டியில் ஏறுவார்கள். எலெக்ட்ரிக் சைக்கிளில் பெடல் அசைந்ததும் மோட்டார் இழுத்துவிடலாம், மனிதர் பாதி ஏறிய நிலையில் வண்டி பாய்ந்துவிடும். அவர் அறுபது வருடப் பழக்கம் இது, ஒரு நாளில் போகாது. வண்டியை நிறுத்தி, இரு பக்கமும் கால் ஊன்றி நின்று, இரு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, பிறகு மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், பொறுமை இழக்காதீர்கள். உங்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தபோது அவர் இழக்கவில்லை. முதல் வாரங்களில் மோட்டாரின் மிகக் குறைந்த உதவி நிலையே போதும், த்ராட்டிலைத் தொடவே வேண்டாம். அடுத்தது, வலப்பக்கம் ஓட்டுவது. நேர்ச்சாலையில் நினைவிருக்கும், திருப்பத்தில்தான் கை தானாக இடப்பக்கம் போகும். அதனால் திருப்பங்களை மட்டும் தனியாகப் பழக்குங்கள். சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்பும் கார்களைக் காட்டிக்கொடுங்கள். வயது வந்தவர்களுக்கு இவ்வகை வண்டியில் ஹெல்மெட் கட்டாயமில்லை என்பது சட்டம். உங்கள் வீட்டில் கட்டாயமாக இருக்கட்டும்.

பிறகு அவரோடு நீங்களும் ஒரு சைக்கிளில் க்ரீக் வரை போய், வழியை அவர் சொல்ல நீங்கள் பின்தொடருங்கள். உங்களுக்கே நம்பிக்கை வந்ததும் பேட்டரிச் சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அவருக்கு எடுத்திருக்கும் பயணிகள் மருத்துவக் காப்பீட்டில் சைக்கிள் விபத்து அடங்குமா என்று இந்த வாரமே படித்துப் பாருங்கள். சட்டைப் பையில் உங்கள் இருவரின் எண்களும், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களும் ஆங்கிலத்தில் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் எடுத்துக்கொள்கிறார் என்றால், வண்டி எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.