முதல் வேலையாக ஒரு மின்பட்டியல் கணிப்பான்

வணக்கம். இணையப் பக்கத்தின் கட்டமைப்பையும் தோற்றத்தையும் எழுதும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் படித்துவிட்டு, பக்கத்தை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் தடுமாறுவதாகவும், ஹட்டனிலுள்ள உங்கள் வீட்டின் மின்செலவைக் குறைக்கும் ஆர்வத்தை அதைக் கற்று முடிக்கும்வரை தள்ளிவைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தள்ளிவைக்க வேண்டாம், அந்த ஆர்வத்தையே பயிற்சிக் களமாக்குங்கள்.

உங்கள் மின்பட்டியலைக் கணிக்கும் ஒரு பக்கத்தை முதலில் எழுதுங்கள். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதோடு, 30 நாளில் 60 அலகை (ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்று மணி) தாண்டியதும் முதல் அலகிலிருந்தே வேறோர் அட்டவணைக்கு மாறிவிடுவதால், நிபந்தனை (if), வரிசை (array), சுழற்சி (loop) ஆகிய மூன்று நிரல் கூறுகளையும் உண்மையான தேவைக்காகவே எழுதிப் பழகுவீர்கள். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணங்களை அவ்வப்போது திருத்துவதால், அவற்றை நிரலுக்குள் புதைக்காமல் தனி ஜேசன் (JSON, தரவை எழுதிவைக்கும் எளிய உரை வடிவம்) கோப்பில் வையுங்கள்.

அடுத்து, மலையகக் குளிரில் தவிர்க்க முடியாத சுடுநீரின் செலவைக் கணிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். 18 பாகை செல்சியஸிலுள்ள 30 லீற்றர் நீரை 40 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.77 அலகு செலவாகும். நாள்தோறும் இருவர் அவ்வாறு குளித்தால் மாதத்துக்கு 46 அலகு. 60 என்ற எல்லை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைத் திரையில் கண்டால் வீட்டாரும் நம்புவார்கள். எனக்கு இதுவே மிக முக்கியமாகப் படுகிறது.

குளிர்சாதனப் பெட்டி விட்டுவிட்டு இயங்குவதால், அதன் வாற்றை 24 மணித்தியாலத்தால் பெருக்காதீர்கள். மின்மானியைத் தினமும் ஒரே நேரத்தில் வாசித்து, அந்த அளவீட்டை உலாவி உங்கள் கருவியிலேயே தரவை வைத்திருக்கும் இடமான லோக்கல் ஸ்டோரேஜில் சேமியுங்கள்; சேவையகம் இப்போதைக்குத் தேவையில்லை. ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகங்களை அதன்பின் பார்க்கலாம்.