ஜாஸில் 'ஸ்டாண்டர்ட்' என்கிறார்களே, அது என்ன? ஒரே பாட்டை ஏன் எல்லோரும் வாசிக்கிறார்கள்?

ஜாஸ் கலைஞர்கள் பலருக்கும் பொதுவாகத் தெரிந்த பாட்டுதான் ஸ்டாண்டர்ட். மெட்டும், கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) வரிசையும் பொது. அதன்மேல் எழும் கற்பனை ஆளுக்கு ஆள் வேறு.

'பாடி அண்ட் சோல்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-இல் ஜானி கிரீன் இசையமைத்த காதல் பாட்டு. ஐரோப்பாவில் சில வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பிய கோல்மன் ஹாக்கின்ஸ், 1939 அக்டோபரில் நியூயார்க்கில் இதை டெனர் சாக்ஸஃபோனில் வாசித்துப் பதிவு செய்தார். தொடக்கத்தில் கொஞ்ச நேரம்தான் மூல மெட்டு கேட்கும். அப்புறம் மூன்றாவது நிமிடம் வரை எல்லாமே அவருடைய கற்பனை. ஆனால் அடியில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது! நடுப்பகுதியில் சுருதி அரைப்படி மேலேறும் இடம் வரும்போதெல்லாம் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

வாசிக்கப் பழகுகிறீர்கள் என்றால், முதலில் பாட்டின் வரிகளைப் படித்து வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். எந்த இடத்தில் மூச்சுவிட வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும்.