ஞாயிறு காலை எட்டரை மணி

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலராக இருக்கிறேன். தினமும் விடியற்காலை எழுந்து ஜெபித்து, வேதம் வாசித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் வேலை. மற்ற ஞாயிறுகளில் எட்டரை மணி ஆராதனைக்கு உடம்பு எழுந்திருக்க மறுக்கிறது. படுத்தபடியே போனில் ஆராதனை பார்த்துக்கொள்கிறேன். ‘நீ விசுவாசத்தில் பின்வாங்கிப் போனவன்’ என்கிறார் எங்கள் சபைக் கமிட்டிக்காரர். அவரோ பாடகர் குழு, வாலிபர் கூட்டம், டயோசிஸ் எலெக்‌ஷன் என்று சர்ச்சே கதியாகக் கிடக்கிறார். வீட்டில் வேதத்தைத் திறப்பதே இல்லை. ஆண்டவர் எதைப் பெரிதாக நினைப்பார், என் தனி ஜெபத்தையா அவருடைய ஓட்டத்தையா? பெந்தெகொஸ்தே சபைக்கு மாறிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

பெந்தெகொஸ்தே சபையிலும் ஞாயிறு காலைதான் ஆராதனை, அதுவும் இன்னும் நீளமாக. ஆகவே அந்த யோசனையை விடுங்கள்.

அப்புறம் அந்தக் கமிட்டிக்காரர். அவர் வீட்டில் வேதம் திறப்பதில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபி என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அவரும் பூட்டிக்கொண்டிருக்கலாம் இல்லையா? உங்கள் விடியற்கால ஜெபத்தில் பாதி நேரம் அவரைப் பற்றியே போகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ஞாயிறு காலை வர முடியவில்லை என்றால் ஆராதனைக்கே வர முடியவில்லை என்று நீங்களும் நினைக்கிறீர்கள், கமிட்டிக்காரரும் நினைக்கிறார். அந்த எட்டரை மணியை யார் வைத்தது?

ஞாயிறை ஓய்வு நாளாகச் சட்டம் போட்டவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், கி.பி. 321இல். அதிலும் நகரத்துக்காரர்களுக்குத்தான் ஓய்வு. காடு கழனியில் வேலை செய்கிறவர்கள் அன்றைக்கும் வேலை பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். அதற்கு முன்னால் சபையில் பல பேருக்கு, அடிமைகளையும் கூலிக்காரர்களையும் சொல்கிறேன், லீவு ஏது? கி.பி. 112 வாக்கில் ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியும் முன்பே கூடிப் பாடுகிறார்கள், பிறகு கலைந்து போய்ச் சாப்பிட மறுபடி கூடுகிறார்கள் என்று சொல்கிறார். வேலைக்குப் போவதற்கு முன் ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை. அப்போஸ்தலர் இருபதாம் அதிகாரத்தில் பவுல் துரோவாவில் நடுராத்திரி வரை பிரசங்கம் பண்ணுகிறார். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். அவனைப் பின்வாங்கிப் போனவன் என்று யாரும் சொல்லவில்லை. பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொள்கிறார், பையன் பிழைக்கிறான், மேலே போய் அப்பம் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு விடியும்வரை பேச்சு தொடர்கிறது.

நான் வளர்ந்தது கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர். எங்கள் சர்ச்சில் ஆராதனை ஞாயிறு ராத்திரிதான். மஞ்சள் வெட்டுக்கும் கரும்பு ஆலைக்கும் ஞாயிற்றுக்கிழமை தெரியாது. தோட்டத்துக்காரர் கூப்பிட்டால் போக வேண்டும். வேலை முடிந்து வாய்க்காலில் குளித்துவிட்டு வருவார்கள். எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சள் போகாது. கீர்த்தனைப் புத்தகங்களின் ஓரமெல்லாம் விரல் பட்டு மஞ்சளாகவே இருக்கும். பிரசங்கத்தின்போது பாதிச் சபை தூங்கும். ஆயர் கண்டுகொள்ள மாட்டார். பாட்டு வந்ததும் எழுந்துகொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு ஆத்தா ஒருவர். எழுத்துத் தெரியாது. தினமும் உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப அள்ளி, அடுப்பு மாடத்தில் இருக்கும் பவுடர் டப்பாவில் போடுவார். அந்தப் பிடி குறைவதால் யார் சாப்பாடு குறையும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு ராத்திரி அதை மஞ்சப்பையில் கொட்டிக்கொண்டு வந்து காணிக்கையில் சேர்ப்பார். அதெல்லாம் சேர்ந்துதான் சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியார் வீட்டில் உலை கொதித்தது. நான் ஒரு ஞாயிறு போகாவிட்டால் மறுநாள் காலை வாசலில் நிற்பார்: “ஏஞ்சாமி, நேத்துக் காங்கலையே, மேலுக்கு ஆகலையா?” நேற்றுக் காணோமே, உடம்பு சரியில்லையா என்று அர்த்தம்.

இங்கேதான் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது. போனில் பார்க்கிறீர்களே, அதில் யார் உங்களை ‘காங்கலையே’ என்று கேட்பார்? 2020இல் கதவெல்லாம் பூட்டியிருந்தபோது அது உதவியது, சரி. இப்போது என்ன? நீங்கள் பாதியில் தூங்கிப்போனாலும் அது பாட்டுக்கு ஓடும். அதைவிட முக்கியம், நீங்கள் யாரை ‘காங்கலையே’ என்று கேட்டீர்கள்? ஒரு வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு உங்கள் சபையிலேயே இன்னொரு செக்கிங் பெண்ணோ அயர்னிங் பையனோ இதே மாதிரி படுத்துக்கிடக்கலாம். அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியுமா? என் ஜெபம், என் வேதம், என் ஆண்டவர் என்று கடிதம் முழுக்க ‘என்’தான்.

ஞாயிறு வேலை வாங்கினால் முன்பின் மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை தர வேண்டும் என்று 2025 வரை இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. உங்களுக்குக் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

ஆயரைப் போய்ப் பாருங்கள். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு, முக்கால் மணி நேரம், ஒரு ஆராதனை வேண்டும் என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், உங்களைப் போல ஷிப்ட் பார்க்கிற நாலு பேரைத் தேடிப் பிடித்துக் கூட்டிப் போங்கள். தூங்கினால் தூங்கட்டும், ஜன்னலில் மட்டும் உட்கார வேண்டாம். அந்தக் கமிட்டிக்காரரையும் விடாதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சர்ச் சாவி யாரிடம் இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.