கேட்டதும் சொன்னதும்: ‘மாற்றிவிடலாம்’ என்கிறார்களே?

கேள்வி: அக்கா மகனுக்கு 22 வயசு. ஆண்கள் மேலதான் நாட்டம்னு வீட்ல சொல்லிட்டான். கவுன்சலிங் குடுத்து மாத்திரலாம்ங்கிறார் ஒருத்தர். அதனால தற்கொலை எண்ணம் கூடும்னு படிச்சேன். அப்படியெல்லாம் இல்லைன்னு அமெரிக்க ஆய்வு ஒண்ணை சொந்தக்காரர் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காரு. எதை நம்ப?
– தாய்மாமன், அம்பாசமுத்திரம்

பதில்: அண்ணாச்சி, இரண்டு ஆய்வும் ஒரே கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட 1,518 பேரிடம் எடுத்தது. அதில் சுமார் 7 சதவீதம் பேர் ‘மாற்றும்’ முயற்சிக்கு ஆளானவர்கள். வாழ்நாளில் தற்கொலை எண்ணம் வந்திருக்கும் வாய்ப்பு இவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு என்றது 2020-இல் பிளாஸ்னிச் என்ற ஆய்வாளரின் குழு. சிறுவயதில் பட்ட கொடுமைகளைக் கணக்கில் கழித்த பிறகும் அப்படித்தான்.

உங்கள் சொந்தக்காரர் அனுப்பியது அடுத்தது: 2022-இல் சல்லின்ஸ் என்ற ஆய்வாளர் அதே கணக்கெடுப்பை வைத்துக் குறுக்கிட்டார். எது முந்தி, எது பிந்தி? பலருக்கு அந்த எண்ணம் சிகிச்சைக்கு முன்பே வந்திருந்தது என்றார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் காய்ச்சல்காரர் அதிகம் என்பதற்காக, ஆஸ்பத்திரிதான் காய்ச்சலைக் கொடுத்தது என்போமா? கேள்வி நியாயமானதுதான். விடைதான் இடிக்கிறது. எந்த வயதில் எது நடந்தது என்பதெல்லாம் அவரவர் ஞாபகத்தில் சொன்னது. தற்கொலையால் இறந்துபோனவர் படிவம் நிரப்ப வரமாட்டார்; அவர் இந்தக் கணக்கிலேயே இல்லை.

இன்னொன்றை உங்கள் சொந்தக்காரர் கவனிக்கவில்லை. அதே ஆண்டு சல்லின்ஸ் எழுதிய வேறொரு கட்டுரையின் தலைப்பே, இவை ‘பலன் தராத’ முயற்சிகள் என்கிறது. பலிக்காத மருந்துக்குப் பக்கவிளைவு உண்டா இல்லையா என்றுதான் இத்தனை சண்டையும்!

இங்கே சட்டத்தில் குழப்பமில்லை. இப்படி ‘குணப்படுத்த’ முயல்வதை 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மந்திரிப்பவரும் பட்டமில்லாத ‘கவுன்சிலரும்’ அந்த ஆணையத்துக்குள் வரமாட்டார்கள். அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். ‘கல்யாணம் முடிச்சு வெச்சா சரியாயிரும்’ என்பதும் இதே வைத்தியம்தான். அதில் இன்னொரு வீட்டுப் பெண்ணும் சேர்ந்து மாட்டுவாள்.

இப்போது செய்ய வேண்டியது: பையனைத் தனியாக உட்காரவைத்து, ‘சாகணும்னு தோணுதாடே?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ‘ஆமா’ என்றால் தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள். தனியார் மருத்துவர் என்றால், டோக்கன் போடுமுன் ‘இவனை மாத்த முடியுமா டாக்டர்?’ என்று போனிலேயே கேட்டுப் பாருங்கள். ‘முடியும்’ என்றால் அங்கே போக வேண்டாம்.